நூதனசாலைக்குப் பின்வாசலால் போன அம்மா

கொழும்புக்குப் போகிற எங்கள் தோட்டத்து ஆட்கள் திரும்பி வரும்போது ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார்கள். சிலர் சப்பாத்து, சிலர் போன், ஒருத்தி மாப்பிள்ளையையே கொண்டுவந்தாள். நான் கொண்டுவருவது டிக்கெட் துண்டுகள். பெரிய மனிதர்கள் வாழ்ந்த பழைய வீடுகளை அப்படியே வைத்து நூதனசாலை ஆக்கியிருக்கிறார்களே, அவற்றுக்குள் போவதற்கு வாங்கும் சீட்டுகள். பாடசாலைக்கு விடுமுறை விட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஹட்டனில் பஸ் ஏறி உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகும்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் டீச்சர். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொழும்புக்குப் போனபோதுதான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு பழைய வீட்டின் முகப்புக்குள் ஓடினேன். நனைந்துபோய் நின்றவளைப் பார்த்துப் பரிதாபப்பட்ட காவலாளி, இது நூதனசாலைதான், வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்கள் என்றார். மழை விடும்வரைதானே என்று போனேன். மழை எப்போது விட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே ஒரு கட்டில். பக்கத்தில் முக்காலியின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. எழுதும் மேசையில் மைக்கூடு, பாதி தேய்ந்த பென்சில். குளியலறையில் சவரக்கத்தி. ஒரு மனிதர் எழுந்து, முகம் கழுவி, கோப்பி குடித்து, எழுதிப் படுத்த வாழ்க்கை முழுவதும் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. வாளும் கிரீடமும் வைத்திருக்கிற பெரிய நூதனசாலைக்குப் பிள்ளைகளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே எனக்குக் கொட்டாவிதான் வரும். இந்தப் பாதி தேய்ந்த பென்சிலுக்கு முன்னால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பூட்டப் போகிறோம் மிஸ் என்று காவலாளி மூன்று முறை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கொழும்பில் இப்படி எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனையையும் தேடித் தேடிப் பார்த்தேன். சிலவற்றை இரண்டு முறை. ஒரு வீட்டுக் காவலாளி என்னைக் கண்டதும், போன முறை பார்த்ததற்குப் பிறகு ஒன்றும் மாறவில்லை மிஸ் என்று கேலி செய்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பும்போது வயிறு எரியும். யாருடைய வீடு இது? வியாபாரி வீடு, வக்கீல் வீடு, வைத்தியர் வீடு, மந்திரி வீடு. இந்த நாட்டில் இவர்கள் மட்டும்தான் வீட்டில் குடியிருந்தார்களா? மற்றவர்கள் எல்லாம் மரத்திலா தொங்கினார்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூட இதைக் கேட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா சொல்வது பொய் இல்லை.

அப்போதுதான் எங்களுக்குத் தனிவீடு கிடைத்தது. தோட்டத்துப் பழைய லயத்தில், வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் எட்டு அறைகளில் கடைசி அறை எங்களுடையது. அறை என்று நாங்கள் சொல்வதில்லை, காம்பரா என்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேர் இருந்தோம். ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தும் கல்யாணம் கட்டிப் போயும் கடைசியில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சியபோது புதுவீட்டுச் சாவி வந்தது. மற்றக் குடும்பங்களும் வெளியேறிவிட்டன. காலியான லயத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவம் கட்டப் போவதாகத் தோட்டத்து ஆபீஸில் அறிவித்தார்கள்.

அதைக் கேட்டபோது நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கவளம் கையில் இருந்தபடியே எழுந்துவிட்டேன். எங்கள் காம்பராவை நூதனசாலை ஆக்கினால் என்ன! கொழும்பில் இருக்கிற அத்தனை நூதனசாலை வீடுகளிலும் இல்லாதது ஒன்று என் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது, நான் பஸ் ஏறி ஊர் ஊராக அலைகிறேனே! அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கை கழுவிய கையோடு ஒரு கொப்பியை எடுத்து, சுவரில் எந்த இடத்தில் என்ன எழுதி மாட்டுவது என்று குறிக்க ஆரம்பித்தேன். அடுப்பு இங்கே, அதற்கு ஒரு குறிப்பு. கொழுந்துக்கூடை இங்கே, அதற்கு ஒரு குறிப்பு. மூன்று மொழியிலும். விடியும் முன்பே எழுந்து இன்னும் நான்கு பக்கம் எழுதினேன்.

நேரே தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் போனேன். முன்னைய துரைமாரைப் போல இல்லை இவர், உட்காரச் சொல்லுவார். சிங்களவர், தோட்டங்களில் பழகியதால் நன்றாகத் தமிழ் பேசுவார்.

"டீச்சர், மத்த ஆளுங்க எல்லாம் புது வீட்டுக்குத் தண்ணி வரல்ல, கரண்ட் வரல்லன்னு கேட்டு வாறாங்க. நீங்க ஒரு ஆள்தான் பழைய காம்பராவைக் கேட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். பிறகு நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகமும் மலர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், தோட்டத்துக்கும் நல்ல பெயர் என்றார். கடைசி அறைதானே, அதை விட்டுவிட்டு மற்றதை இடிக்கலாம். ஆனால் காம்பரா அம்மா பெயரில் பதிந்திருப்பதால், இதைப் பாதுகாத்து வைக்கச் சம்மதம் என்று அம்மா ஒரு கடிதம் தர வேண்டும். அடுத்த திங்கட்கிழமை இடிக்கிற பெக்கோ மெஷின் வந்துவிடும். அதற்குள் கடிதம் வரவில்லை என்றால் எட்டும் போய்விடும்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'இல்லை' என்பதைக்கூட மாற்றிவிடலாம். 'பாப்போம்' என்பதை அசைக்க முடியாது. கெஞ்சினேன், கோபித்தேன், ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். பசிக்குது போல, போயி சாப்புடுங்க டீச்சரம்மா என்று கேலிதான் மிஞ்சியது. அம்மா பாவம், நூதனசாலை வீடு என்றால் என்னவென்றே கண்டதில்லை, கண்ணால் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை இருவரும் கொழும்பு பஸ்ஸில் இருந்தோம்.

அம்மாவின் கையில் முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம். கினிகத்தேன வளைவுகளில் வாந்தி வரும் என்று பயந்து எடுத்துவந்தது. ஆனால் அதை முகர அவருக்கு நேரமே இருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அங்க பாரு ஆறு, இங்க பாரு ரப்பர் மரம், அந்த வூட்டுல மாடி மேல மாடி என்று அவிசாவளை வரைக்கும் வாய் ஓயவில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மாவுக்கும் தெரிந்த நாலு சிங்கள வார்த்தையில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தார். அறுபத்தேழு வயசில் அவர் கொழும்புக்குப் போவது இது இரண்டாவது முறை. முதல் முறை போனது ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

கொட்டாஞ்சேனையில் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை காலை அம்மா தன்னுடைய நல்ல நீலச் சேலையைக் கட்டி, தலையை வழித்துச் சீவிக்கொண்டு, எனக்கு முன்னால் வாசலில் நின்றார். நாலு வீடு பார்ப்பதாக என் திட்டம்.

முதலாவது, முன்னொரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த ஒருவரின் வீடு. உயரமான தூண்கள், நடுவில் முற்றம். வெளிநாட்டுக்காரர் கூட்டம் ஒன்று டிக்கெட் வாங்க நின்றதால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் அம்மாவைக் காணோம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவின் போன் என்னுடைய பையில். தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். எதிர்க்கடையில் கேட்டேன். முன்வாசல் காவலாளியிடம் கேட்டால், நீலச் சேலை கட்டிய யாரும் இந்தப் பக்கமாக உள்ளே போகவில்லை என்றார். முகாமையாளரைக் கூப்பிடுங்கள், பொலிஸைக் கூப்பிடுங்கள் என்று நான் குரலை உயர்த்தப் போகும்போதுதான் வீட்டுக்குப் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஈர்க்கு விளக்குமாறு மண்ணில் இழுபடுகிற சத்தம். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து காலையில் கேட்டு எழுந்த இழுப்பு.

ஓடினேன். பின்முற்றத்தில் அம்மா நீலச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தார். முக்கால் முற்றம் முடிந்திருந்தது.

"என்னம்மா செய்றீங்க!"

"பின்வாசலால வந்தேன். அந்த நோனா, வா வா நேரமாச்சுன்னு இதக் கையில குடுத்துச்சு."

"டிக்கெட் வாங்க வந்த ஆளுன்னு சொல்றதுதானே?"

"சொல்றதுக்குள்ள கூட்ட ஆரம்பிச்சிட்டேன். பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?"

நடந்தது இதுதான். அம்மா கொழுந்து பறிக்கப் போகும் முன்பு, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சில வருடங்கள், துரை பங்களாவில் தரை பொலிஷ் போடும் வேலை செய்தவர். பங்களாவுக்கு முன்வாசல் துரைக்கு, பின்வாசல் நமக்கு. தூணும் முற்றமும் வைத்த ஒரு வீட்டைக் கண்டதும் அவர் கால்கள் யாரையும் கேட்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டன. பின்னால் நின்ற பெண்மணி, அம்மா நோனா என்று சொன்னவர், நூதனசாலைப் பொறுப்பாளர்; அன்றைக்கு வருவதாகச் சொன்ன புதுத் துப்புரவுப் பெண் இவர்தான் என்று நினைத்துவிட்டார்.

என் கோபம் மூக்கின் மேலிருந்து எங்கேயோ உச்சிக்குப் போய்விட்டது. டிக்கெட் துண்டு இரண்டையும் அந்தப் பொறுப்பாளரின் முகத்துக்கு நேரே நீட்டி, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். சேலையைப் பார்த்தா முடிவு செய்தீர்கள், நிறத்தைப் பார்த்தா, பேச்சைப் பார்த்தா என்று கேட்டேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அம்மாவோ, அவங்கள ஏன் ஏசுற, நாந்தானே பின்னால வந்தேன் என்று என்னையே அடக்கிவிட்டு, மிச்சக் கால் முற்றத்தையும் கூட்டி முடித்து, குப்பையை அள்ளிக் கொட்டி, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

பொறுப்பாளர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என் காதோரம், "டஸ்ட்டு" என்றார், தேயிலையில் கடைசித் தரத் தூளைச் சொல்கிற மாதிரி. எனக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அற்புதம். வருத்தம் தீராத பொறுப்பாளர், நானே உங்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார். பின்னால் இருந்தபடியால் பின்னாலிருந்தே தொடங்கினோம். இத்தனை வருடமாக நான் இப்படிப்பட்ட வீடுகளை முன்னறையிலிருந்து பார்த்து, குசினிக்கு வந்து சேரும்போது கால் வலியெடுத்து, எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறியவள். இன்றைக்கு முதலில் குசினி! அம்மா அதற்குள் காலை வைத்ததும் ஆளே மாறிவிட்டார்.

"இந்தக் கொக்கி எறைச்சி தொங்கவிடுறது. பூன எட்டாது" என்றார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுமாரியின் காலடியில் நான்கு கிண்ணங்கள் இருந்தன. பொறுப்பாளர் அவற்றை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாராம். "இதுல தண்ணி ஊத்தி வைக்கணும். எறும்பு ஏறாது." தரையில் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்ததைக் காட்டி, இங்கே நின்று ஒருத்தி வருடக்கணக்கில் அம்மி அரைத்திருக்கிறாள், இடக்காலில் ஊன்றுகிறவள் என்றார். பொறுப்பாளர் உள்ளே ஓடிப்போய்ப் பேனாவும் தாளும் எடுத்துவந்தார். நான் சிங்களத்தில் மாற்றிச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் அம்மா சொல்வதை ஒரு நூதனசாலை எழுதிக்கொள்கிறது! அந்த நிமிடம் என் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், இரண்டு முறை ஒரே வசனத்தை மொழிபெயர்த்துவிட்டேன்.

முற்றத்தை அடுத்த பெரிய அறைகளில் சிவப்புச் சீமெந்துத் தரை பளபளவென்று கிடந்தது. அம்மா நடுவில் நடக்கவே இல்லை. சுவரோரமாக ஒட்டிக்கொண்டே போனார். பொருட்களைத் தொட்டுவிடுவாரோ என்று ஒரு காவலாளி பின்னாலேயே வந்தார்.

"நடுவுல நடங்கம்மா. அதுக்குத்தான் டிக்கெட்டு."

"சும்மாரு. மிதிச்சா தடம் விழும். தேய்ச்சவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு பூட்டிக்கிடந்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். முன்பு வேலைக்காரர் படுக்கிற அறை, இப்போது ஏணியும் வாளியும் வைக்கிற இடம் என்றார் பொறுப்பாளர். எனக்கு மறுபடியும் சூடேறியது. பார்த்தீங்களாம்மா, இதுக்குத்தான் சொல்றேன், நம்ம காம்பராவ நாமதான் வைக்கணும், வேற யாரும் வைக்க மாட்டாங்க என்று தமிழில் பொரிந்தேன். அம்மா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனசு கரைகிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது, ஒரு பழைய வைத்தியரின் வீடு. இந்த முறை அம்மாவின் கையை இறுகப் பிடித்து முன்வாசலால் கூட்டிப்போனேன். அங்கே கயிறு கட்டுவது குறைவு, அறைக்குள் போய்ப் பார்க்க விடுவார்கள். அம்மா ஒவ்வொன்றையும் கேட்டார். இது என்னா ரூமு? படிக்கிற ரூமு. இது? பியானோ வாசிக்கிற ரூமு. இது? வர்றவங்க படுக்கிற ரூமு. படுக்கையறையை ஒட்டி, ஆளுயரக் கண்ணாடியும் ஒரு நாற்காலியும் மட்டும் வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது.

"இது?"

"உடுப்பு மாத்துற ரூமும்மா."

"அதுக்குன்னு தனியாவா?"

"ஆமா. அந்தக் காலத்துல பெரிய வூடுகள்ல அப்பிடித்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அந்த அறைக்குள் போய், என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலை சுற்றி விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தட்டப் போகும்போது திறந்துகொண்டு வந்தார்.

"என்னம்மா?"

"சும்மா நின்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் துள்ளினேன். பழைய வீட்டின் ருசி அம்மாவுக்கும் பிடித்துவிட்டது! மீதி இரண்டு வீட்டையும் பார்க்கலாம் என்றேன். போதும், கடலைப் பார்க்க வேண்டும் என்றார். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கித் தின்று, கால் நனைத்து, அலை வரும்போதெல்லாம் ஓடி ஓடி, என்னையும் இழுத்து நனைத்துவிட்டார். கடிதத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. நல்ல நேரத்தில் கேட்போம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்ஸில் அந்த நல்ல நேரம் வந்ததாக நினைத்தேன். கித்துல்கல தாண்டி ஏற்றம் தொடங்கியிருந்தது. கொப்பியை எடுத்து, நம் காம்பராவில் மாட்டுவதற்கு நான் எழுதி வைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாக அம்மாவுக்கு வாசித்தேன். அடுப்பைப் பற்றியது, கூடையைப் பற்றியது, ஏழு பேரும் வரிசையாகப் படுப்பதைப் பற்றியது. அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மிகவும் பிடித்த குறிப்பை உரக்கவே வாசித்தேன்.

"இங்கு வாழ்ந்த தாய் மிகவும் சிக்கனமானவர். காலையில் பெரட்டுக் களத்துக்குப் புறப்படும்போது, வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த அவசரத்திலும், விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே உடுத்திக்கொள்வார்."

அம்மா தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சிக்கனமா?"

"ஆமா. நான் சின்ன வயசுல படுத்துக்கிட்டே பாப்பேன். நீங்க வெளக்க அணைச்சிட்டு, அப்புறமா சேல மாத்துவீங்களே. மண்ணெண்ணெய மிச்சம் புடிக்கத்தானே?"

"அடிப்பாவி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மாமனாரு இந்தப் பக்கம் படுத்திருக்காரு. கல்யாணம் கட்டாத கொழுந்தன் ஒரு வருஷம் அந்தப் பக்கம் படுத்திருந்தான். அப்புறம் என் மவனுங்க வளந்துட்டானுங்க. எங்க போயி மாத்துறது? முப்பத்தாறு வருஷம் வெளக்க அணைச்சிட்டுத்தான் சேல மாத்துனேன். இருட்டுல எத்தன நாளு தலகீழா கட்டிக்கிட்டு மலைக்குப் போயிருக்கேன் தெரியுமா? கங்காணி சிரிப்பான்."

நான் கொப்பியை மூடினேன். அத்தனை வருடம் அந்த இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தவள் நான். எதையுமே பார்க்கவில்லை.

"இந்த ரெண்டு நாளா எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா" என்றார் அம்மா. "அந்த வூடுகள வச்சிருக்கிறது சரிதான். அவங்களுக்குக் கதவு இருந்துச்சு. காட்ட வேண்டியத முன்னால வச்சிக்கிட்டு, மத்ததுக்குக் கதவச் சாத்திக்கிட்டாங்க. நமக்கு அந்த ஒரே காம்பராதானே. அதுக்குள்ள வர்றவன் எல்லாத்தையும் பாத்துருவான். நான் வெளக்க அணைச்சத ஒருத்தன் வெளிச்சம் போட்டுப் பாக்க வேணாம். எனக்கு வெக்கமா இருக்கு டீச்சரம்மா."

கேலிக்குச் சொல்லும் டீச்சரம்மாவை அன்றைக்கு அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கினிகத்தேனவில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோது அம்மாவே இறங்கிப்போய் எனக்கு ரோல்ஸ் வாங்கிவந்தார். உறைப்பு அதிகமாக இருந்தது. அதைச் சாட்டி மிச்ச அழுகையையும் அழுது முடித்தேன்.

அன்று பொழுது சாயும் முன்பே கடிதத்தை எழுதிவிட்டோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என்னுடைய வாழ்க்கையில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், பிரதேச செயலகத்துக்கு, கல்வி வலயத்துக்கு. எதையும் அடித்துத் திருத்தி எழுதியதில்லை. எங்கள் காம்பராவையும் சேர்த்து இடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன் என்ற வரியை இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். ஆனாலும் மனசுக்குள் என்னவோ ஒரு பரபரப்பு, ஒரு பெரிய காரியத்தைச் செய்யப் போகிற பரபரப்பு. அம்மா தன் பெயரை முழுவதாகக் கையெழுத்துப் போட்டார். பெருவிரல் வைக்கிறவர் அல்ல அவர், பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பழகியவர்.

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு நான் மட்டும் போவதாக இருந்தது. அம்மாவும் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கீழே லயத்தடியில் பெக்கோ மெஷின் வந்து நின்றுவிட்டது, அதன் மஞ்சள் நிறம் மூட்டத்துக்குள் தெரிந்தது.

துரை என்னைக் கண்டதும் சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். கடிதத்தை வாசிக்க வாசிக்க அந்தச் சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"டீச்சர்தானே வைக்கணும்னு கேட்டீங்க? நான் மேலயும் பேசிட்டேன். அவங்களுக்கும் ரொம்ப விருப்பம்."

"காம்பரா அம்மாவோடது சேர்" என்றேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து, மேசையில் கிடந்த தொப்பியை எடுத்துக்கொண்டார். காம்பராவின் கூரை ஒழுகுகிறது, சுவர் வெடித்திருக்கிறது என்று சொல்ல அம்மா இந்த ஆபீஸுக்கு எத்தனை துரைமார் காலத்தில் எத்தனை நடை நடந்தார் என்று எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எழுதிக்கொள்வார்கள். லயத்துப் பக்கம் வந்தாலும் வாசலோடு நின்று கங்காணியிடம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் காம்பராவுக்குள் ஒரு துரை கால் வைத்ததை நான் கண்டதில்லை.

"சரி அம்மா, உங்க விருப்பம்" என்றார் துரை. "உடைக்கிறதுக்கு முந்தி நான் ஒருக்கா உள்ள போயி பாத்துட்டு வாறேன். பாக்காம உடைச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

அம்மா கும்பிட்டார். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"பாக்கணும்னா, நாங்க குடியிருக்கயிலேயே வந்து பாத்திருக்கலாமுங்களே."